ஹாலு சாக்லேட்

சாக்லேட்டை நறநறவென்று கடித்து மென்று தின்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முறுக்கா அது? வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரம் இளகும். பால் வாசனை மூக்கு வரைக்கும் ஏறும். அதற்கப்புறம் லேசாக ஒரு கசப்பு எட்டிப் பார்க்கும். இது என்ன என்று யோசிப்பதற்குள் இனிப்பு தொண்டையில் இறங்கியிருக்கும். இத்தனையும் இருக்கிற ஒரு பொருளைக் கடித்து விழுங்குகிறவர்களுக்கு வெல்லக்கட்டியே போதும். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சாக்லேட்டைச் சோபாவில் சாய்ந்துகொண்டு தின்றவர்கள். நான் முதல் துண்டைத் தின்றது நின்றுகொண்டு, நாலு பேர் முறைத்துப் பார்க்க.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பால் சாக்லேட் தின்றேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மொழியைப் பார்த்து மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஓசூர் சென்னை ராஜ்யத்தோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்று டீக்கடையில் தினம் வாய்ச்சண்டை நடக்கும். எங்கள் வீடு ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ராகியும் அவரைக்காயும் போடுகிற குடும்பம். எங்கள் சாதியில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், இந்தப் பக்கம் இருப்பவர்கள் தமிழ் பேசுவார்கள், சந்தைக்குப் போனால் எல்லோரும் தெலுங்கும் பேசுவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாஷை பார்க்காமல் நடந்து வந்தது. கோடு போடப் போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் திடீரென்று பாஷை ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. முதலில் வந்தவர்கள் பெண் உயரம் என்றார்கள். அடுத்து வந்தவர்களுக்கு என் வாய் நீளமாம். சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், உங்கள் பையனுக்குத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டுவிட்டேன். அதோடு அம்மா பொறுமை இழந்துவிட்டாள். அவளுடைய தம்பி, என் தாய்மாமன், கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். முறை இருக்கிறது, மனிதர் தங்கமானவர், இன்னும் எதற்கு அலைய வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. மாமா தங்கமானவர்தான். ஆனால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர், என் மூக்கைத் துடைத்துவிட்டவர். அவரோடு குடித்தனம் நடத்துவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கடைசியாக ஒரு இடம் பார்க்கிறேன், இதுவும் தட்டினால் உன் தம்பிக்கே கொடுத்துவிடலாம் என்று அப்பா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கடைசி இடம் பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பையன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தான். பையனின் அம்மா பிறந்தது நம் பக்கம், தொரப்பள்ளிக்குக் கிட்டே. ஆனால் கல்யாணமாகிப் போன பிறகு அவர் நாலு பேர் நடுவில் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை என்று சொல்வார்கள். காரணம் பையனின் அப்பா. அவருக்குக் கன்னடம்தான் பாஷை, மற்றதெல்லாம் சத்தம். வருகிற மருமகள் கன்னடம் பேச வேண்டும், பேரப்பிள்ளைகள் கன்னடத்தில் வளர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

என் பெண் கன்னடத்தில் வெளுத்து வாங்குவாள் என்று அப்பா பதில் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தது காய்கறி பேரம் பேசுகிற அளவுக்குத்தான். அப்பா அவரைக்காய் மூட்டையோடு பெங்களூர் சந்தைக்குப் போய் வருகிறவர், அவர் கன்னடமும் சந்தைக் கன்னடம். அதை வைத்து எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவருடைய இலக்கணம் ரொம்பச் சுருக்கம். தமிழில் ‘ப’ வந்தால் அங்கே ‘ஹ’ போடு. பல்லு என்றால் ஹல்லு, பள்ளம் என்றால் ஹள்ள. அப்புறம் நாக்கை நன்றாக மடி. சொல்லு என்பதற்கு ஹேளு, நாளைக்கு என்பதற்கு நாளெ, வாழைப்பழத்துக்குப் பாளெஹண்ணு.

“நாக்க மடிச்சு அழுத்திச் சொல்லு பாப்பா. மடிச்சாத்தான் அவங்களுக்கு நம்ம ஆளுங்கற எண்ணம் வரும்” என்பார்.

நானும் மாட்டுக்குத் தீனி வைக்கும்போதும் துணி அலசும்போதும் ஹேளு, கேளு, நாளெ என்று மடித்து மடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாடுகூட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அவர்கள் ராகுகாலத்துக்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும் என்று காலை பஸ்ஸுக்கே வருவதாக ஏற்பாடு. பஸ் வரவில்லை. வெயில் ஏற ஏற அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். மாமா வாழைத்தாரும் வெற்றிலையும் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குப் பட்டுப்புடவைக்குள் முதுகு ஈரமாகிவிட்டது.

ஒரு வழியாக வந்து சேர்ந்தார்கள். எல்லையில் மதுவிலக்குப் போலீஸ்காரர்கள் பஸ்ஸை மடக்கி, பை பையாகத் திறந்து முகர்ந்து பார்த்தார்களாம். பெங்களூரிலிருந்து சாராயம் கடத்துகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் அப்படி ஒரு கெடுபிடி. ராகுகாலம் நெருங்கிவிட்ட எரிச்சலும் பையை முகர்ந்து பார்த்துவிட்டார்கள் என்ற அவமானமும் பையனின் அப்பா முகத்தில் அப்படியே இருந்தன. அவர் பெரிய தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். பையன் வெள்ளைச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பையனின் அம்மா பாயின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அவர்கள் கொண்டு வந்த தட்டை நடுவில் வைத்தார்கள். பூ, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் இருந்தன. கற்கண்டு இருக்க வேண்டிய இடத்தில் நீலக் காகிதம் சுற்றிய ஒரு பட்டை இருந்தது. போலீஸ்காரர் ஒரு மூலையைக் கிழித்திருந்ததால் ஈயத்தாளும் அதற்குள்ளிருந்து கரும்பழுப்பாக ஏதோ ஒன்றும் எட்டிப் பார்த்தன. பையன்தான் வாங்கி வைத்திருக்கிறான், கறுப்பாக இருப்பதைத் தாம்பூலத் தட்டில் வைக்காதே என்று அவன் அப்பா தடுத்தும் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அப்பா என் காதுக்குள், சோப்பு போலிருக்கிறது, பட்டணத்துக்காரர்கள் சோப்பு வைக்கிறார்கள் என்றார். இவர்களுக்கு நான் குளிக்காத பெண்ணாகத் தெரிந்துவிட்டேனா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர்கள் தம்ளரைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பையனின் அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டில் இருந்த பட்டையைக் காட்டி, இது என்னம்மா என்று கன்னடத்தில் கேட்டார். பெண்ணுக்குப் பேச்சு வருமா என்று பார்க்கிற கேள்விதான் அது. நான் அதை எடுத்துக் காகிதத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்தேன். மில்க் சாக்லேட்.

அவருடைய புருவம் ஏறியது. அப்பா முகம் மலர்ந்தது. கதவருகில் மாமாகூடத் தலையை ஆட்டினார். ஓசூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி கட்டி அனுப்பிப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று அப்பா நினைத்திருப்பார். அத்தோடு விட்டிருக்கலாம்.

“கன்னடதல்லி ஹேளு” என்றார் பையனின் அப்பா. கன்னடத்தில் சொல் என்கிறார்.

அந்த ‘ஹேளு’ காதில் விழுந்ததுமே என் நாக்கு தானாக மடிந்துகொண்டது. மில்க் என்றால் பால். ‘ப’வுக்கு ‘ஹ’. நன்றாக மடித்து, அழுத்தி, அப்பா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்.

“ஹாளு சாக்லேட்.”

பையன் முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. என்ன தப்பு என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கன்னடத்தில் பாலுக்கு ஹாலு, நாக்கை மடிக்கக் கூடாது. மடித்துச் சொன்னால் ஹாளு. ஹாளு என்றால் பாழ். புதுப்பெண் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பால் காய்ச்சச் சொல்கிற ஜனங்கள் அவர்கள். தாம்பூலத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதைக் கையில் எடுத்து, பாழ் என்று நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

பையனின் அப்பா தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கையை இழுத்துக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“நடீரி, ஹோகோண” என்றார். கிளம்புங்கள், போகலாம்.

அப்பா பதறிப்போய்க் கன்னடத்தில் கெஞ்ச ஆரம்பித்தார். சின்னப் பெண், வாய் தவறிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் படபடப்பில் அவர் நாக்கு என் நாக்கைவிட மோசமாக மடிந்தது. பால் என்று சொல்லியே ஆக வேண்டிய இடத்திலெல்லாம் பாழ் என்றே சொன்னார். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பையனின் அப்பா கண்ணை மூடித் திறந்தார். உள்ளே அம்மா ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கீழே வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அப்பா மேல் ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதர் வாயை மூடினால் தேவலை என்று பல்லைக் கடித்தேன்.

பையனின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பையன் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. முழங்கையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த அம்மாள் மெதுவாக எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை, என்னிடம் வந்தார். நான் கையில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த பட்டையை வாங்கி, ஈயத்தாளைப் பிரித்தார். பஸ்ஸில் வெயில் பட்டு, என் உள்ளங்கைச் சூடும் பட்டு, அது இளகிப் போயிருந்தது. கட்டம் கட்டமாக இருந்த கோடுகள் மழுங்கியிருந்தன. ஒரு துண்டைப் பிய்த்தார். விரலில் ஒட்டியது.

“வாயத் தொற கண்ணு” என்றார். தமிழில்.

பையனின் அப்பா வாசலில் கால் வைத்தவர் அப்படியே திரும்பினார்.

“கடிக்காத. மேல் பல்லுக்குப் பின்னாடி ஒட்ட வெச்சுக்கோ. நாக்கு நுனியால அங்கியே தொடு. மடிக்காத, தொட்டா போதும். இப்பச் சொல்லு.”

துண்டு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நாக்கு நுனியை அங்கே கொண்டு போனேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அது இளகி நாக்கில் இறங்கியது. இத்தனை காலம் எத்தனையோ இனிப்பு தின்றிருக்கிறேன், எல்லாம் வாயில் போட்டதும் இனிக்கும், அவ்வளவுதான். இது இனிக்க நேரம் எடுத்துக்கொண்டது. சுண்டக் காய்ச்சிய பாலின் வாசனை, அதற்குள் வறுத்த எதையோ நினைவுபடுத்தும் ஒரு கசப்பு, அதையும் மூடிக்கொண்டு மறுபடி பால். என் வாழ்க்கை வாசற்படியில் ஒரு காலை வைத்து நிற்கிறது, நானோ வாய்க்குள் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே என் மேல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதை விழுங்கிவிட மனம் வரவில்லை.

“ஹா…லு” என்றேன். நாக்கு மடியவில்லை. மடிய அதற்கு விருப்பமில்லை, இனிப்பு பல்லுக்குப் பின்னால்தான் இருந்தது.

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்துத் திரும்பினார். இவ்வளவு பேர் முன்னால் புருஷனிடம் அவர் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை என்று அந்த மனிதர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நான் உங்க வூட்டுக்கு வந்த அன்னிக்கு, ஹாளு காய்ச்சட்டுமான்னுதான் உங்கம்மாவ கேட்டேன். அன்னியிலிருந்து பேசவே பயந்து வாய மூடிக்கிட்டேன். எது பாழாப் போச்சு, சொல்லுங்க. வூடா? நெலமா? நான் பெத்த புள்ளயா?”

அவர் பதில் சொல்வதற்கு அந்த அம்மாள் விடவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து அவர் முன்னால் நீட்டினார். பெண் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பீர்கள், இது நம் பையன் வாங்கியது, நம் வீட்டுப் பொருள்தான் என்றார். மனைவி எல்லோர் முன்னாலும் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் வேறு என்ன செய்வார்? வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பையனுக்கு, அப்பாவுக்கு, கதவருகில் நின்ற மாமாவுக்கு, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கு என்று ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தார்.

அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். அப்பா இரண்டு கடி கடித்துவிட்டு, பிறகு ஏதோ புரிந்தவர் மாதிரி நிறுத்திக்கொண்டார். அம்மா கண்ணை அகல விரித்தாள். பையனின் அப்பா கோபத்தைச் சொல்ல வாயைத் திறந்தார், சாக்லேட் வழிந்துவிடும் போலிருந்தது, மூடிக்கொண்டார். பிறகு தாடை அசைவது நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்து, கட்டைவிரலில் ஒட்டியிருந்ததை யாருக்கும் தெரியாமல் நக்கினார். நான் பார்த்துவிட்டேன்.

ஆனாலும் அவர் சரி என்று சொல்லவில்லை. ராகுகாலத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ராகுகாலம் வந்துவிட்டால் அன்றைக்குத் தாம்பூலம் மாற்ற முடியாது, பிறகு ஒரு நாள் பார்க்கலாம் என்று போவார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அது அப்பாவுக்குத் தெரியும், வாசலில் விழுந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கும் தெரியும், அவர் தட்டைப் புருஷன் பக்கம் நகர்த்தினார். அதில் கடைசியாக ஒரே ஒரு துண்டு ஈயத்தாள் மேல் இருந்தது. தட்டுக்கு நேர் பின்னால் பையன் உட்கார்ந்திருந்தான்.

பையனின் அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மோவாயை அந்தப் பக்கமாக நீட்டினார். அது தட்டைக் காட்டியதா, தட்டுக்குப் பின்னால் இருந்தவனைக் காட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை.

“பேக்கா?” என்று கேட்டார். வேண்டுமா என்கிறார்.

இதுவரை வந்து போன யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பெண் வேண்டுமா என்று பையனிடம் கேட்பார்கள், பையன் வேண்டுமா என்று பெண்ணிடம் யார் கேட்கப் போகிறார்கள்? நான் பதில் சொல்ல வேண்டிய சொல்லை மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். நல்ல வேளை, அதில் லகரமும் இல்லை, ளகரமும் இல்லை.

“பேக்கு” என்றேன். வேண்டும்.

அப்பா கையைக் கூப்பிவிட்டார். எங்கள் தாம்பூலத் தட்டை முதலில் ஓடி எடுத்து வந்தவர் மாமா. அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவரும் அந்தக் காலையிலிருந்து என்னைப் போலவே பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டு மாறியது. ஆறிப்போன காபியை அவர்கள் குடித்தார்கள்.

அந்தக் கடைசித் துண்டைப் பையனின் அம்மா எடுத்து என் கையில் வைத்தார். என் வீட்டுக்காரர் அதை மறக்கவே இல்லை. அன்றைக்கு நீ பேக்கு என்று சொன்னது என்னையா, சாக்லேட்டையா என்று, கல்யாணமான புதிதில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகும் கேட்டார். சாக்லேட்டைத்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவர் ஒரு தடவையும் நம்பவில்லை. நான் நம்பச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை.